கேளாமையின் வரலாறு

சங்கராபுரம் வட்டத்தைச் சேர்ந்த சேஷசமுத்திரத்தில் 2015 ஆகஸ்ட் 15 அன்று இரவு ஒரு தேர் எரிக்கப்பட்டது. அங்குள்ள தலித் மக்கள் தங்கள் மாரியம்மனுக்காகச் செய்து வைத்திருந்த தேர் அது. ஊரின் பொதுச்சாலை வழியாக அதை இழுக்கக் கூடாது என்று மற்ற சாதியினர் சில ஆண்டுகளாகவே தடுத்து வந்தனர். பேச்சுவார்த்தைகள் நடந்தன, திருவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று, அதற்கு முந்தைய இரவில் தேரோடு சேர்த்து வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2021இல், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்ச்சிற்பமும் வாகனங்களும் செய்த கைகளின் பரம்பரைக்குக் கிடைத்த மரியாதை என்று மாவட்டமே மகிழ்ந்தது, மகிழத்தான் வேண்டும். ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு. எரிந்த தேர் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. கலையை நேசிப்பவர்களின் உலகம் அதைத் தன்னுடைய இழப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் ஒன்றுதான், உளி ஒன்றுதான், அம்மனும் ஒருத்திதான். யாருடைய தேர் என்பதைப் பொறுத்து ஒன்று மரபாயிற்று, மற்றொன்று வழக்காயிற்று.

தீ வைத்தவர்களைப் பற்றி எழுதுவது எளிது. அவர்களைக் கண்டிக்கச் சட்டம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. நான் எழுத வந்தது தீ வைக்காதவர்களைப் பற்றி. ஒடுக்கப்பட்ட மக்களின் கலை எதிரே வரும்போது யாரையும் திட்டாமல், யாரையும் தடுக்காமல், ‘எனக்கு அதில் ஈடுபாடு இல்லை’ என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்பவர்களைப் பற்றி. இந்த ஈடுபாடின்மையைப் பிறவிக் குணம் என்றும், தனிமனித ரசனை என்றும், ரசனைக்குச் சாதி கிடையாது என்றும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது பிறவிக் குணம் அல்ல, நூற்றாண்டுகளாகப் பழக்கப்பட்ட ஒரு காது என்பதே என் வாதம். எதைக் கேட்க வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தந்ததைப் போலவே, எதைக் கேட்டும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதையும் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பறையிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, முல்லைக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு பறை. நிலத்தின் அடையாளமாக இருந்த ஒரு முழக்கம் பின்னாளில் ஒரு சாதியின் கடமையாகவும், அந்தச் சாதியைத் தள்ளி வைப்பதற்கான காரணமாகவும் சுருங்கியது. எந்த ஆண்டில் சுருங்கியது என்று யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆனால் சுருங்கிய பின் இருந்த நிலையைப் 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பதிவு செய்திருக்கிறார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் வரலாறு ஆதனூர்ப் புலைப்பாடியில் தொடங்குகிறது. கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தவர் அவர் என்கிறது அது. இதை எத்தனை முறை படித்தாலும் மனம் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. கோயிலுக்குள் எழும் இசை முழுவதும் அவர் கைப்பட்ட தோலிலிருந்தும் நரம்பிலிருந்தும் எழுகிறது. அவரோ வாயிலுக்கு வெளியே நிற்கிறார். அவருடைய உழைப்பு உள்ளே போயிற்று, அவர் போகவில்லை. பின்னால் வந்த எண்ணூறு ஆண்டுகளின் தமிழ் இசை வரலாற்றில் இந்த ஏற்பாடு பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

ஊர் அமைப்பே அதற்கு ஏற்றபடி இருந்தது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் போகும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினாலும், தண்டோரா போட வேண்டுமென்றாலும் சேரிக்குத்தான் ஆள் போகும். தீ மூட்டிப் பறையைக் காய்ச்சி, அடிக்குச்சியாலும் சிண்டுக்குச்சியாலும் அடவு பிரித்து அடிக்கும் கலைஞர், ஒவ்வொரு சடங்குக்கும் எந்த அடி என்று தெரிந்து வைத்திருப்பவர். தாளக்கணக்கை வாயால் சொல்லிக் கையில் இறக்கும் வித்தை அவருடையது. ஆனால் அவர் ஊருக்கு வருவது கலைஞராக அல்ல, ஏவலராக. கூலி பேசி வாங்குவது அல்ல, படியளப்பது. பறை ஒலியை ஊரில் எல்லோருமே கேட்டார்கள். கேட்காதவர் ஒருவரும் இருக்க முடியாது. அதை உட்கார்ந்து கேட்க, அடித்தவரின் பெயரைக் கேட்க, இன்னொருவர் அடியோடு ஒப்பிட்டுப் பேச ஊரில் ஒரு திண்ணைகூட ஒதுக்கப்படவில்லை. அலட்சியம் என்பது இங்கே மனத்தில் தோன்றிய உணர்ச்சி அல்ல. தெருவில் போடப்பட்ட ஏற்பாடு. மனம் அதற்குப் பின்னால் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இசைக்குப் புதிய அரங்குகள் பிறந்தன. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி உருவானது. நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது கோயிலையும் அரண்மனையையும் விடப் பெரிய திறப்புதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் எது மேடைக்கு வரலாம் என்பதைத் ‘தரம்’ என்ற ஒற்றைச் சொல் தீர்மானித்தது. 1941இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டி, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று கேட்டபோது, அகாதெமி தரப்பிலிருந்து வந்த பதிலின் சாரம், கர்நாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கம், மொழி பற்றிய எண்ணத்தை உள்ளே கொண்டுவந்து அதைத் தாழ்த்தக் கூடாது என்பது. இதில் கோபம் இல்லை, வசை இல்லை. தமிழ்மேல் எங்களுக்கு வெறுப்பில்லை, இசைமேல் மட்டுமே எங்கள் அக்கறை என்ற தொனிதான். கல்கியும் டி.கே.சி.யும் அந்தத் தொனிக்குள் இருந்த புறக்கணிப்பைச் சரியாகவே அடையாளம் கண்டார்கள், சலிக்காமல் வாதாடினார்கள், 1943இல் தமிழ் இசைச் சங்கமும் பிறந்தது. நடுநிலை போலத் தோன்றும் ஒரு ரசனை யாரையோ வெளியே நிறுத்துகிறது என்று தமிழர்கள் வெளிப்படையாக வாதிட்டு வென்ற பெரிய விவாதம் அது. அந்த வாதத்தின் நியாயத்தை இன்று நாம் எல்லோரும் ஏற்கிறோம்.

ஏற்ற பிறகு அடுத்த கேள்வி வர வேண்டும். தமிழிசை இயக்கம் மீட்ட தமிழ் எந்தத் தமிழ்? தேவாரம், அருணாசலக் கவிராயர், முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி. அந்தப் பட்டியலில் பறை இல்லை, ஒப்பாரி இல்லை, நடவுப் பாட்டு இல்லை. இதில் மிகவும் வலிப்பது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம்தான். 19ஆம் நூற்றாண்டின் அந்தப் படைப்பு கதாகாலட்சேபமாகவும் கச்சேரி உருப்படியாகவும் நாடகமாகவும் தமிழகத்தை உலுக்கியது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடமேற்றுத் திரையில் பாடினார். அதற்கு அவர் பெற்ற 1 லட்ச ரூபாய் அந்நாளில் பெரும் பேச்சு. 1942இல் தண்டபாணி தேசிகர் நந்தனார் ஆனார். நந்தன் சேரியை விட்டுத் தில்லைக்குப் போகத் துடிக்கும் துடிப்பைக் கேட்டு அவையோர் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நந்தனின் துயரத்துக்கு மேடை கிடைத்தது, நந்தனின் மக்கள் அடித்த இசைக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடப்படும் பொருளாக உள்ளே வந்தார்கள். பாடுபவராக வர அனுமதி இல்லை. இரக்கமும் கேளாமையும் ஒரே அரங்கில், ஒரே மாலையில், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கலைக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கொளுத்தப்பட்ட தேவாலயங்களுக்குப் பக்கத்திலேயே அமைதியான கதவடைப்புகளும் தெரியும். 1965இல் இசைக்கான புலிட்சர் பரிசுக் குழுவின் நடுவர்கள் டியூக் எலிங்டனின் வாழ்நாள் சாதனைக்குச் சிறப்புப் பாராட்டு அளிக்கப் பரிந்துரைத்தார்கள். மேலிருந்த வாரியம் மறுத்தது. அவரைப் பற்றி இழிவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே இல்லை, அவ்வளவுதான். நடுவர்களில் இருவர் பதவி விலகினர். எலிங்டன் இறந்து கால் நூற்றாண்டு ஆன பின், 1999இல்தான் அந்தப் பாராட்டு வந்தது. 1969இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லம் பகுதியைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. கறுப்பின மக்களின் வாழ்வு புகைப்படங்களாகச் சுவரெங்கும் இருந்தது. ஹார்லத்தின் ஓவியர்கள், சிற்பிகள் கையால் ஆன ஓவியமோ சிற்பமோ அங்கே இல்லை. அவர்கள் வாசலில் நின்று போராடினார்கள். நந்தன் கதையைக் கேட்டு உருகிய நம் சபாக்களை அறிந்தவருக்கு இந்தக் கண்காட்சியை விளக்க வேண்டிய தேவை இல்லை.

அமெரிக்க நிறவெறியின் அளவுகோலை இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பொருத்தியது நான் அல்ல. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி நூலை அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். அடிபட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட வரலாறு இது. வேறுபாடும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் கதவடைத்தபோதும் அமெரிக்கச் சந்தை கறுப்பின இசையை வாங்கிக் குவித்தது. ஜாஸும் புளூஸும் அந்த நாட்டின் முகமாகவே ஆயின. இங்கே சாதி சந்தையையும் முந்திக்கொண்டது. தோலைத் தொட்டால் தீட்டு என்று நம்பும் சமூகத்தில் அந்த இசையை விலைக்கு வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோகவும் கை நீளவில்லை.

கூத்தைக் காட்டி ஒரு மறுப்பு சொல்லப்படுகிறது, அது எடுத்துப் பேசத் தக்கது. தென்னார்க்காடு முழுவதும் தெருக்கூத்தின் நிலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் விடிய விடியக் கூத்தும், கடைசியில் படுகளமும் தீமிதியும் என்று நாள்கணக்கில் நடக்கும். சேஷசமுத்திரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதே மாவட்டத்தில்தான் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலும் இருக்கிறது. அரவானின் பலி ஒவ்வொரு சித்திரையிலும் அங்கே நிகழ்ந்து கொண்டிருக்கிறது. இந்தக் கூத்தை ஆடியவர்களில் வன்னியர் உட்படப் பல சாதியினர் உண்டு. நகரத்துப் படித்த மக்கள் கூத்தையும்தான் அலட்சியம் செய்தார்கள். ஆகவே பிரச்சினை நகரமும் கிராமமும்தான், சாதி அல்ல என்பது மறுப்பு. பாதி உண்மை இது. கூத்தையும் இரைச்சல், கொச்சை, தூக்கம் கெடுப்பது என்றே நகரம் பல காலம் தள்ளி வைத்தது. ஆனால் நிகழ்ந்ததின் வரிசையைக் கவனிக்க வேண்டும். ந. முத்துசாமி போன்றோர் புரிசைத் தம்பிரான்களின் கூத்தில் தமிழ் அரங்கின் வேரைக் கண்டு எழுதத் தொடங்கினார்கள், 1977இல் கூத்துப்பட்டறை உருவானது, சங்கீத நாடக அகாதெமி விருதுகள் வந்தன, வெளிநாட்டு மேடைகளும் வந்தன. கூத்து நவீன நாடகத்தின் ஆசானாயிற்று. பறைக்கு அந்த வாசல் திறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. திறந்தவர்களும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ரசிகர்கள் அல்ல, அந்த மக்களே. கிராமியக் கலைகள் என்று ஒரே பெயரில் அடுக்கினாலும் அந்த அடுக்குக்கு உள்ளேயும் படிநிலை அப்படியே இருந்தது. அத்தோடு, கூத்து நடக்கும் கோயில் வாசலே எல்லோருக்கும் திறந்ததல்ல. விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். துகிலுரியப்பட்டவளின் கதையை இரவெல்லாம் கேட்கும் ஊரில் அவள் கோயில் வாசலில் ஒருவரை மறிப்பது எப்படி இயல்கிறது என்ற கேள்வியை அந்தக் கதையை நேசிக்கும் எவரும் தவிர்க்கக் கூடாது.

இன்னும் வலுவான மறுப்பு ரசனை பற்றியது. ஒருவருக்கு ஒன்று பிடிக்காமல் போவதற்கு உரிமை இல்லையா? உண்டு. பிடிக்காததைப் பிடிக்கும் என்று சொல்லச் செய்வது ரசனையையும் அவமதிப்பது, கலைஞரையும் அவமதிப்பது. தனித்தனி மனிதர்களின் விருப்பு வெறுப்பு என்றால் அது சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டில் அண்ணனுக்குப் பிடிக்கும், தம்பிக்குப் பிடிக்காது. பறை விஷயத்தில் பிடிக்காமை அப்படிச் சிதறவில்லை. ஊர்த்தெருவும் சேரியும் பிரியும் கோட்டின் மேலேயே அது ஒழுங்காக நின்றது. ரசனை தெருவின் எல்லையை இவ்வளவு சரியாகப் பின்பற்றும்போது அதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? மேலும், அதே தாளக்கட்டு திரைப்பாடலில், ஸ்டூடியோவில் பதிவாகி, வேறு முகத்தோடு வரும்போது அதே காதுகளுக்கு இனிக்கிறது. கல்யாண மண்டபத்தில் அதே தாளத்துக்கு ஆடுகிறார்கள். அப்படியானால் பிடிக்காதது ஒலி அல்ல. கேட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்பவரோடு எனக்கு வழக்கில்லை. கேட்காமலே ஈடுபாடில்லை என்பவர் ஒரு தீர்ப்பை வாரிசாகப் பெற்றிருக்கிறார். அதை எழுதியது தாம் அல்ல என்பதையே அவர் மறந்துவிட்டார்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அது உள்ளிருந்து வருவது. பறையைத் தலித் மக்களே வேண்டாம் என்றார்களே? ஆம். 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். மறுத்ததற்காக ஊர்க்கட்டுப்பாடும் அடியும் பட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர வேண்டுமென்றால் அப்பன் தோளிலிருந்து அந்தத் தோல் இறங்க வேண்டும் என்று நினைத்த தாய்மார்களின் நியாயத்தை எந்தக் கலை வாதத்தாலும் மறுக்க முடியாது. மறுபக்கம், அதே இயக்கங்களுக்குள்ளேயே இன்னொரு குரலும் எழுந்தது. பறையை அல்ல, பறையின் மேல் ஏற்றப்பட்ட இழிவைத்தான் எரிக்க வேண்டும் என்றது அது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு, தேவாலயத்தின் கீர்த்தனைகளுக்கு எதிரே நாட்டுப்புற மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். மதம் மாறினாலும் காது மாறவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். தலித் கலைவிழாக்கள் மதுரையில் நடந்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடையில் ஆடினார்கள். சாவு வீட்டு வாசலில் ஆண்கள் மட்டும் அடித்த கருவி அது. இவ்விரு தரப்புக்கும் இடையே இன்றும் வாதம் தொடர்கிறது, தொடர வேண்டும். ஆனால் இரு தரப்பும் மறுத்தது ஒன்றையே: கட்டாயத்தை. ஏவினால் அடிக்க மாட்டேன் என்பதும், நானாக அடிப்பேன் என்பதும் ஒரே தன்மானத்தின் இரு கைகள். அந்த மறுப்பை எடுத்துவந்து தங்கள் அலட்சியத்துக்குக் கவசமாக்குவது நேர்மையற்ற செயல். அவர்கள் விட்டது அடிமைத்தனத்தை. இவர்கள் விட்டதோ கேட்பதை.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறியிருக்கிறது, அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. 2007இல் சென்னை சங்கமம் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கிராமியக் கலைஞர்களைக் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட மாணவர்கள் நடுவில் பறை முழங்கியது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவையும் பறையையும் ராக், ராப்போடு சேர்த்துச் சென்னை மேடையில் நிறுத்தியது. அதன் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ விழா தொடங்கியது. மார்கழி யாருடையது என்ற கேள்வியை நாள்காட்டியிலேயே எழுதி வைத்தது. 2025இல் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இத்தனையும் வெற்றிதான்.

ஆனால் அலட்சியமும் இதற்கிடையே வடிவம் மாற்றிக்கொண்டிருக்கிறது. முன்பு ஒலியை ஏற்காமல் ஆளை ஏவியது. இன்று ஒலியை ஏற்றுக்கொண்டு ஆளை மறக்கிறது. ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் ஓடியது. தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பி வந்த ஒரு நிலமற்ற பரம்பரையின் நினைவை, தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை, பாடகர் அறிவு அதில் எழுதிப் பாடியிருந்தார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாடலின் பெயரோடு வேறு இரு கலைஞர்களின் படம் வந்தது, அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பிறகே அறிவின் படத்தோடு ஓர் அட்டை வெளியானது. 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழா சென்னையில் நடந்தபோதும் பாடல் ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. பாடலாக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. யாரும் வன்மத்தோடு திட்டமிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. திட்டம் தேவைப்படாமலே அது நடந்தது என்பதுதான் என் கவலை. அட்டையைப் பார்த்தபோது ஒருவர் குறைகிறார் என்று அச்சுக்குப் போகும் முன் யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தாமல் இருப்பது பழக்கத்தால் வருவது.

‘தமிழனின் ஆதி இசை’ என்று பறையைக் கொண்டாடும்போதும் அந்த உறுத்தாமை வேலை செய்கிறது. ஆதி இசை என்றவுடன் எல்லோருக்கும் அது சொந்தமாகிவிடுகிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அதைச் சுமந்தவர்கள் பட்ட அடி யாருக்கும் சொந்தமாவதில்லை. மிருதங்கத்தை நினைத்துப் பார்க்கலாம். பசு, ஆடு, எருமை என மூன்று தோல்கள் சேர்ந்தே அந்த நாதம். அவற்றைப் பதம் பார்த்து, மூட்டி, சுருதி கூட்டிய தலித் கிறித்தவக் குடும்பங்கள் தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலைமுறைகளாக உண்டு. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காது இருந்தது. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதி 2020இல் வெளியிட்டபோது, அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, அரசு நிறுவனம் என்பதைக் காரணமாகச் சொல்லி அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. சேக்கிழார் காலத்தில் தோல் கொடுத்தவர் வாயிலில் நின்றார். இங்கே தோல் கொடுத்தவர்களைப் பற்றிய புத்தகமே வாயிலில் நின்றது.

கல்வராயன் மலைக்கு ஏறினால் இந்த வரலாற்றின் வேறொரு பக்கம் தெரியும். அங்குள்ள மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் ஆன பின்னும் அவர்கள் உழைப்பு அவர்களுடையதாக இல்லை. காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த தங்கள் பிறப்புக் கதையைப் பாட்டாகவும் பேச்சாகவும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகளும் பின்வந்த மானிடவியலாரும் அதைக் குறித்து வைத்தார்கள், குலமரபு பற்றிய தகவலாக. அதைச் சொல்லும் முறையில் என்ன அழகு, எந்த இடத்தில் கதைசொல்லி குரலை இறக்குகிறார் என்று கேட்டவர் அரிது. தகவலாகச் சேகரிப்பதும் ஒருவகையில் கேளாமைதான். அங்கே பேனா இருக்கிறது, காது இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. இந்த வட்டாரத்துத் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால் நாதசுரக் குழுவின் பெயர் இருக்கும், கூத்து ஜமாவின் பெயரும் வாத்தியாரின் பெயரும் இருக்கும், இன்னிசைக் கச்சேரி நடத்துபவர், வாண வேடிக்கைக்காரர், ஒலிபெருக்கி வைத்தவர் வரை அச்சாகியிருக்கும். பறை அடிக்கும் ஆசானின் பெயர் அச்சாவது அரிது. அந்தப் பெயர் அச்சாகட்டும். கூலியைப் படியாக அளக்காமல் மற்றக் கலைஞர்களிடம் பேசுவதுபோல் முன்கூட்டியே பேசி, முன்பணம் கொடுக்கட்டும். அடிப்பதற்கு முன் அவர்களுக்கும் நாற்காலி போடப்படட்டும், சாப்பாடு அதே பந்தியில் இருக்கட்டும். இதையெல்லாம் ஒரு ஊர்க்கூட்டத்தில் ஒரே மாலையில் முடிவு செய்யலாம். அதன் பிறகு ஒருவர் எழுந்து, முழுதும் உட்கார்ந்து கேட்டேன், எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னால், அவர் சொல்வது ரசனை. அவரோடு நாம் அடவையும் தாளத்தையும் பற்றிப் பேசலாம்.